பந்து வராத ஓட்டம்

1970 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி கோலை ஒரு தடவையாவது யூட்யூபில் பார்க்காத கால்பந்து ரசிகர் அபூர்வம். ஜூன் 21, மெக்சிகோ நகரத்தின் அஸ்டெக்கா மைதானம், 86ஆவது நிமிடம். பிரேசில் ஏற்கெனவே இத்தாலியை 3-1 என்று முந்திவிட்டது. க்ளோடோஆல்டோ தன் பாதி மைதானத்திலேயே நான்கு இத்தாலியர்களை ஏமாற்றி வெளியே வருகிறார். பந்து இடது ஓரத்தில் ரிவெலினோவுக்குப் போகிறது, அவரிடமிருந்து கோட்டை ஒட்டி முன்னால் ஜைர்ஸின்யோவுக்கு. ஜைர்ஸின்யோ உள்பக்கம் திரும்பி வந்து பெலேவிடம் தள்ளுகிறார். பெலே நிற்கிறார். அவசரமே இல்லை. பிறகு வலது பக்கம், ஆளே இல்லாத புல்தரையில், குழந்தைக்கு உருட்டிவிடுவதுபோல பந்தை உருட்டிவிடுகிறார். ஒரு கணம் அந்தப் பந்து யாருடையதும் இல்லாமல் ஓடுகிறது. திரைக்கு வெளியிலிருந்து கார்லோஸ் ஆல்பெர்த்தோ வந்து அடிக்கிறார்.

எத்தனை தடவை பார்த்தாலும் அவர் திரைக்குள் நுழைவது மாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த மாயத்தைச் செய்வது கேமரா. பெலேவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமே இல்லை. மைதானத்தில் உயரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இருந்திருக்காது. கார்லோஸ் ஆல்பெர்த்தோ எங்கிருந்தோ குதிக்கவில்லை. ரொம்ப நேரமாக ஓடி வந்துகொண்டிருந்தார், நமக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்தப் புல்தரை ஏன் காலியாகக் கிடந்தது என்பது. அங்கே நிற்க வேண்டியவர் இத்தாலியின் இடது பின்கள ஆட்டக்காரர் ஃபாக்கெட்டி. இத்தாலி ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு ஆடும் அணி. அவருக்குக் கொடுத்த ஆள் ஜைர்ஸின்யோ. ஜைர்ஸின்யோ வலது ஓரத்துக்காரர். ஆனால் ஆட்டம் முழுக்க அவர் தன் இடத்தை விட்டு நடுவிலும் இடதுபுறத்திலும் திரிந்துகொண்டே இருந்தார். ஃபாக்கெட்டியும் பசுவுக்குப் பின்னால் போகும் கன்றுக்குட்டி மாதிரி கூடவே போனார். ஸகாலோவின் பிரேசில் அணி இதைப் போட்டிக்கு முன்பே கணக்கில் வைத்திருந்தது. ஆக அந்தக் கோலுக்கான வேலை, பந்து அந்தப் பக்கம் வருவதற்கு வெகுநேரம் முன்பே, பந்தைத் தொடாமலே முடிந்துவிட்டது.

டோஸ்டாவ் என்று இன்னொருவர். இந்த நகர்வை ஆரம்பித்தவரே அவர்தான். முன்களத்துக்காரர், தன் கோல்பகுதிக்குப் பக்கம் வரை இறங்கி வந்து பந்தைப் பறித்துக் கொடுக்கிறார். அதன்பிறகு பந்து ஏழு பேர் காலில் போய் வருகிறது, அவர் காலுக்கு மட்டும் திரும்ப வருவதில்லை. ஆனால் பெலே பந்தை நிறுத்தும்போது பாருங்கள், பெலேவுக்கு முன்னால், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டோஸ்டாவ் நிற்கிறார். வலது பக்கம் ஆள் வருகிறான் என்று கை காட்டுகிறார். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பந்தில்லாமல் போய், அங்கேயும் இன்னொருவனைக் காட்டிக்கொடுக்கத்தான் போயிருக்கிறார்.

சராசரியாக ஒரு ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது மூன்று நிமிடம், மிச்ச 87 நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் ஆட்டம் என்று யோஹன் க்ராய்ஃப் சொல்வதுண்டு. ஒப்புக்கொள்ளாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் நாம் பார்ப்பது என்னவோ அந்த மூன்று நிமிடத்தைத்தான். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் துரத்துகிறது, வர்ணனையாளர் பந்து வைத்திருப்பவர் பெயரைச் சொல்லுகிறார், ஹைலைட்ஸ் அதையும் நறுக்கிக் கடைசிப் பத்து நொடியாக்குகிறது, ரீல்ஸ் அதிலும் ஐந்து நொடியைத்தான் மிச்சம் வைக்கிறது. என் தலைமுறை கால்பந்தைக் கற்றுக்கொண்டது இப்படித்தான். இப்படிக் கற்றுக்கொண்டவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பதுதான் என் கவலை. அதற்கு முன்னால் இரண்டு சினிமாவைப் பற்றிப் பேச வேண்டும்.

கேமராவைப் பந்திலிருந்து பிடுங்கி ஆட்டக்காரன்மேல் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1970 செப்டம்பர் 12 அன்று மான்செஸ்டர் யுனைடெட், கவென்ட்ரி சிட்டி அணிகள் ஆடிய ஆட்டத்தில் ஜார்ஜ் பெஸ்டை மட்டுமே 16 மிமீ கேமராக்களால் தொடர்ந்து படம்பிடித்தார் ஜெர்மானிய இயக்குநர் ஹெல்முத் கோஸ்டார்ட். 35 வருஷம் கழித்து, 2005 ஏப்ரல் 23 அன்று மாட்ரிட்டின் பெர்னபேவு மைதானத்தில் அதே காரியத்தை 17 கேமராக்களோடு செய்தார்கள் டக்ளஸ் கோர்டனும் ஃபிலிப் பரேனோவும். ரியல் மாட்ரிட்டுக்கும் வில்லாரியலுக்கும் ஆட்டம், கேமராக்கள் ஜிடேன்மேல். 2006 கான் விழாவில் திரையிட்ட அந்தப் படத்துக்கு மொக்வாய் குழுவின் இசை.

ஜிடேன் படத்தை இலக்கிய நண்பர்கள் பலர் கொண்டாடுவார்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. பூட்ஸ் நுனியைப் புல்லில் தேய்த்துக்கொண்டே நடப்பார், வியர்வை சொட்டும், கண் எங்கோ இருக்கும், கூட்டத்தின் சத்தம் கடல் மாதிரி ஏறி இறங்கும். இடது ஓரத்தில் இரண்டு பேரைத் தாண்டிப்போய் ரொனால்டோவின் கோலுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிறார். கடைசியில் ஒரு கைகலப்பில் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார். ஒரு மனிதனின் தனிமை என்று எழுத எவ்வளவு வசதி!

ஆனால் இந்தப் படத்தைப் பார்த்து முடிக்கும்போது ஜிடேன் ஏன் அங்கே நடந்தார், ஏன் இங்கே நின்றார் என்று ஒன்றுமே புரிவதில்லை. அவர் பத்தடி நகரும்போது எதிரணிக்காரன் ஒருவனும் நகர்ந்திருப்பான். அவன் விட்டுப்போன இடத்தில் ராபர்டோ கார்லோஸ் ஓடியிருக்கலாம். எதுவும் திரையில் இல்லை. பந்தில்லா நகர்வு ஒருவனுக்குள் இருக்கும் விஷயமில்லை, இரண்டு பேருக்கு நடுவே உள்ள தூரத்தில் இருப்பது. ஆளை நெருக்கமாகக் காட்டினால் முதலில் காணாமல் போவது அந்தத் தூரம்தான். கேமரா பந்தை விட்டுவிட்டது சரி, பந்து இருந்த பீடத்தில் ஒரு நட்சத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டது. வேலையை மனநிலையாக மாற்றிவிட்டது.

கோஸ்டார்டின் படம் அந்த வகையில் எனக்குப் பிடித்திருக்கிறது. அது பெஸ்டைப் பற்றி எதையும் சொல்ல மெனக்கெடுவதில்லை. பெஸ்ட் நிற்கிறார், இடுப்பில் கை வைக்கிறார், கொஞ்சம் ஓடுகிறார், பந்து வரவில்லை, திரும்பி நடக்கிறார். போரடிக்கும், நிஜமாகவே போரடிக்கும். ஓடுவது, வராமல் போவது, திரும்பி நடப்பது. ஒரு ஆட்டக்காரனின் வேலைநாள் அதுதான். அதைச் சகித்துக்கொள்ளும்படி பார்வையாளரிடம் கேட்ட ஒரே படம் என்று அதை நான் சொல்வேன். ஆனாலும், அங்கேயும் அவர் ஏன் ஓடினார் என்பது தெரியாது.

இந்த 'ஏன்' கடைசியில் தெரிய ஆரம்பித்தது சினிமாவில் இல்லை, என் தொழிலுக்குப் பக்கத்தில். கால்பந்துத் தரவு ரொம்ப காலம் பந்தைச் சுற்றித்தான் இருந்தது: யார் பாஸ் போட்டார், எங்கிருந்து எங்கே, யார் அடித்தார். ஒரு ஆட்டத்துக்குச் சில ஆயிரம் வரிகள். பிறகு எல்லோரையும் கேமராவால் பின்தொடரும் ட்ராக்கிங் வந்தது. நொடிக்கு 25 தடவை, 22 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று பதிவானால் 90 நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் இடக்குறிப்புகள். 2018இல் எம்ஐடி ஸ்லோன் மாநாட்டில் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் லூக் போர்னும் பார்சிலோனா ஆட்டத்தின் இந்த மாதிரித் தரவை வைத்து ஒரு கட்டுரை கொடுத்தார்கள். யார் எவ்வளவு வெளியைத் தனக்குச் சம்பாதிக்கிறார், யார் அடுத்தவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார் என்று அளக்கும் முயற்சி. மெஸ்ஸி வெளியைச் சம்பாதிப்பது பெரும்பாலும் நடந்துகொண்டே என்று அதில் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் பந்தின் பக்கம் சாய, அவர் சும்மா பின்தங்குகிறார், இடம் தானாக அவரைச் சுற்றி உண்டாகிறது. 'மெஸ்ஸி சோம்பேறி' என்று டீக்கடையில் சொன்னவர்களின் கண்ணில் பட்டதும் இதேதான், அவர்கள் வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

தாமஸ் முல்லர் 2011இல் தன்னை 'ரவும்டொய்ட்டர்' என்று சொல்லிக்கொண்டார். வெளிக்குப் பொருள் சொல்பவன். ஜெர்மனில் கனவுக்குப் பொருள் சொல்பவனை 'ட்ரவும்டொய்ட்டர்' என்பார்கள், அதில் ஓர் எழுத்தைக் கழற்றிய சிலேடை. ட்ரிப்ளிங், வேகம், உடம்பு என்று எதிலும் பிரமாதம் கிடையாத ஓர் ஆள் இவ்வளவு கோல் அடித்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. ஆனால் அவர் வாசித்துச் சொன்ன பொருளைக் கேட்க ஆள் இருந்தது. பயர்ன் மூனிக்கில் அவர் ஓடினால் பந்து வந்தது.

எங்கள் டர்ஃபில் வராது.

ஓஎம்ஆரில் வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழுக்கு ஏழு ஆடும் கும்பல் எங்களுடையது. நான் கோல்கீப்பர். கோல்போஸ்ட்டில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு, முழு ஆட்டமும் முன்னால் விரிந்து கிடக்கும். அங்கிருந்து பார்த்தால் தெரிவது பதிமூன்று பேர் ஒரு பந்தைச் சுற்றி மொய்ப்பது. பந்து எங்கே போனாலும் கும்பலும் போகும். பந்து வைத்திருப்பவனிடம் நாலு பக்கத்திலிருந்தும் "மச்சி இங்க, இங்க, கால்ல போடு" என்ற கூச்சல். காலில் வேண்டும், இப்போதே வேண்டும். பாஸ் போட்டவன் போட்ட இடத்திலேயே நின்று தன் பாஸை ரசிப்பான். 2022 இறுதிப் போட்டியில் டி மரியா அடித்த கோலுக்கு மக் அலிஸ்டர் மெஸ்ஸியிடம் ஒற்றைத் தொடுகையில் பந்தைக் கொடுத்துவிட்டு நிற்காமல் பாதி மைதானம் ஓடிப் போனதை இவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். பார்த்துவிட்டு மெஸ்ஸியின் அந்தச் சின்னத் தட்டலைப் பழகிக்கொண்டு வந்தார்கள்.

மொய்க்காதவன் ஒருவன் வந்தான். டெஸ்டிங் டீம் பையன், அதிகம் பேசமாட்டான். எங்கள் அணியில் யாராவது பந்தை எடுத்தால் அவன் பந்துக்கு எதிர்த்திசையில் போவான். டிஃபெண்டரின் முதுகுப் பக்கமாகச் சுற்றி இடது மூலைக்குள் குறுக்காக ஓடுவான். கையை உயர்த்துவான், கத்தமாட்டான். முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவன் எங்கேயோ ஒழுங்காக ஆடியிருக்கிறான். ஒரு ராத்திரி சும்மா எண்ணிப்பார்த்தேன். 11 ஓட்டம், பந்து வந்தது ஒன்றுக்கு. நான் பின்னாலிருந்து "லெஃப்ட்ல பாருடா, லெஃப்ட்ல" என்று தொண்டை கிழியக் கத்துவேன். பந்து வைத்திருப்பவன் பார்க்கமாட்டான்.

சுயநலம் என்று சொல்லிவிடலாம், ஆனால் பாதிதான் உண்மை. பாஸ் போட, ஆள் தெரிய வேண்டும். ஆள் தெரிய, தலை நிமிர வேண்டும். பந்தைக் காலில் ஒரே தொடுகையில் நிறுத்தத் தெரியாதவனுக்குத் தலை எப்படி நிமிரும்? அவன் கண் முழுக்கப் பந்தில்தான் இருக்கும். பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் ஆட்டக்காரர்கள் எத்தனை தடவை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணியவர் நார்வேயின் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ் அதிகம் சேருகிறது என்று கண்டார். பந்து வந்தபிறகு பார்க்க நேரமில்லை. பார்த்து முடித்திருக்க வேண்டும். பெலே நின்று நிதானமாக உருட்டிவிட்டதும் அதனால்தான். எங்கள் ஆட்கள் பந்தை வாங்கியபிறகு உலகத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பையன் ஓடி, நின்று, திரும்பி நடந்துகொண்டிருப்பான்.

தொழில்முறை ஆட்டத்தில் ஓட்டம் வீணாகாது. பந்து வராவிட்டாலும் டிஃபெண்டர் ஒருவனை இழுத்துப் போயிருக்கும், திங்கட்கிழமை பயிற்சியாளர் வீடியோவை நிறுத்தி "இதோ, இவன் ஓடியதால்தான்" என்று காட்டுவார். எங்களிடம் அதுவும் நடக்காது, ஏனென்றால் எதிரணி டிஃபெண்டரும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவன் பின்னால் யாருமே போகமாட்டார்கள். பொறிவைத்தால் விழ எலியாவது வேண்டுமே.

நாலு மாதம் ஓடினான். ஐந்தாவது மாதம் அவனும் "இங்க, இங்க" என்று பந்துப் பக்கம் வர ஆரம்பித்தான். முன்னைவிட அதிகம் பந்து தொட்டான். இரண்டு கோல்கூடப் போட்டான். "தம்பி இப்பதான் செட் ஆயிட்டான்" என்று எங்கள் கேப்டன் சந்தோஷப்பட்டார். அவன் ஆட்டம் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. பார்க்கத் தெரியாதவர்கள் மத்தியில் எது செல்லுபடியாகும் என்று கற்றுக்கொண்டுவிட்டான். புத்திசாலிப் பையன்.

எங்கள் டர்ஃபில் ஒரு கேமரா உண்டு. கோல் விழுந்ததும் ஓரத்தில் இருக்கும் பட்டனை அமுக்கினால் கடைசி முப்பது நொடி வாட்ஸப் குரூப்புக்கு வந்துவிடும். பந்தைத் தானாகப் பின்தொடரும் கேமரா, அதற்காகவே கூடுதல் வாடகை. போன வாரம் ஃபோனில் இடமில்லாமல் பழைய க்ளிப்புகளை அழித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்த புதிதில் எடுத்த ஒன்று கிடைத்தது. எங்கள் ஸ்ட்ரைக்கர் மூன்று பேரைத் தாண்டி அடித்த கோல், குரூப்பில் நிறைய தீப்பொறி ஸ்மைலி விழுந்த க்ளிப். பதினெட்டாவது நொடியில் திரையின் இடது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது, முழங்கை வரை. உயர்த்தியிருக்கிறான். அடுத்த நொடி கேமரா வலது பக்கம் நகர்ந்துவிடுகிறது.