மாம்பழம் உறையும் அழகு

இமாம்பசந்த் வந்துவிட்டால் எனக்கு வேறு இனிப்பு வேண்டியதில்லை. திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்துத் தோப்புகளுக்குப் பேர் வாங்கித் தந்த பழம் அது. கோடையில் சில வாரங்களே கண்ணில் படும். பழுத்த பிறகும் மேனியில் பச்சை மறையாது. செக்கச் சிவந்து கண்ணைப் பறிக்கும் பழங்களுக்கு நடுவே அடக்கமாக உட்கார்ந்திருக்கும். காம்புப் பக்கம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், அதன் குலம் தெரிந்துவிடும். கத்தி தொட்டவுடன் பிரிந்துவரும் மெல்லிய தோல், நாரே தட்டுப்படாத குழைந்த சதை. அந்தச் சதையை, ஒரு சொட்டுப் பாலும் சேர்க்காமல் வீட்டு ஃப்ரீசரில் உறையவைத்துச் சாப்பிடுவதில் எத்தனை நயங்கள் ஒளிந்திருக்கின்றன என்று உங்களோடு சேர்ந்து இன்னொரு தடவை பார்க்க ஆசை.

பால் ஏன் வேண்டாம்? பாலும் கிரீமும் கலந்த ஐஸ்கிரீமில் கொழுப்பு நாக்கின் மேல் மெல்லிய திரையாகப் படிந்துவிடுகிறது. பழத்தின் மணம் அந்தக் கொழுப்பில் தங்கி, நிதானமாகத்தான் வெளியே வரும். அதுவும் ஒரு சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழத்தையும் நீரையும் மட்டும் நம்பி உறைந்த ஐஸ் வாயில் பட்டதும் கரைந்து, அடக்கிவைத்திருந்த மணம் முழுவதையும் ஒரே வீச்சில் மூக்குக்கு அனுப்புகிறது. சதையின் ஆழத்தில் இருக்கும் மெல்லிய புளிப்பு, தோலை ஒட்டிய பகுதிக்கே உரிய அந்தப் பிசின் வாசனை, விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கும் தேன்சுவை என்று பாலில் அமிழ்ந்துபோகக்கூடிய நுட்பங்களெல்லாம் இங்கே தனித்தனியாகத் துலங்குகின்றன.

செய்முறை எளிது. அரைக் கிலோ மாம்பழக் கூழுக்கு 100 கிராம் சர்க்கரை. அதை 100 மில்லி தண்ணீரில் கரையும் வரை மட்டும் சூடாக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். கம்பிப் பதமெல்லாம் தேவையில்லை. அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் மிக்ஸியில் ஓட்டி, விரலால் தொட்டு ருசி பாருங்கள். சற்றுத் திகட்டுவதுபோல் இருக்க வேண்டும். குளிர்ச்சியில் நாக்கு இனிப்பைக் குறைத்தே உணரும். இப்போது அளவாக இனிப்பது உறைந்த பின் சப்பென்று ஆகிவிடும். அந்தச் சிட்டிகை உப்பை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். உப்பு இருப்பதே தெரியாது. மாம்பழம் மட்டும் இன்னும் மாம்பழமாகும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த அழகு. சின்ன வயதில் குச்சி ஐஸைக் கடிக்காமல் உறிஞ்சியிருப்பீர்கள். உறிஞ்ச உறிஞ்ச ஆரஞ்சு நிறமும் தித்திப்பும் வாய்க்குள் வந்துவிட, குச்சியில் நிறமிழந்த வெறும் பனிக்கட்டி நிற்கும். பனிக்கட்டி எப்போதும் தூய நீரையே நாடுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்போது சர்க்கரைக்கு அங்கே இடமில்லை; அது வெளியே தள்ளப்பட்டு, உறையாமல் மிஞ்சிய நீரில் தஞ்சமடைகிறது. நீர் உறைய உறைய, மிஞ்சிய பாகு மேலும் மேலும் கெட்டியாகிறது. கெட்டியாக ஆக, உறைவதற்கு அதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டியிருக்கிறது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் அதில் ஒரு பங்கு உறையாமலே நெகிழ்ந்து நிற்கும். ஆக, நாம் ஸ்பூனில் எடுப்பது சுவையற்ற பனித்துகள்களும், அவற்றுக்கிடையே ஓடும் கெட்டியான மாம்பழத் தேனும். துகள் பெரிதானால் குச்சி ஐஸைப்போல இரண்டும் பிரிந்து தெரியும். துகள் நுண்ணியதானால் நாக்கால் அவற்றைப் பிரிக்கவே முடியாது. எல்லாம் ஒன்றான வழவழப்பாக இறங்கும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் அல்ல, இந்த மென்மைக்கும் அதுவே காரணம். குறைத்துப் போட்டால் கல்லாக இறுகிவிடும்.

துகளை நுண்ணியதாக வைப்பதில்தான் நம் கைக்கு வேலை இருக்கிறது. விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் கூழை மெல்லிசாக ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பரப்பு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் துகள் வளர நேரம் இருக்காது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், தட்டின் விளிம்பை ஒட்டி வெளிறிய மஞ்சளில் ஒரு வளையம் கட்டியிருக்கும். நடுவில் இன்னும் ஆழ்ந்த மஞ்சள் குளம். முள்கரண்டியால் அந்த வளையத்தைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளும்போது எழும் சரசரப்பைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். முதல் முறை மணலைக் கிளறுவதுபோல் கரகரக்கும். அரை மணிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய ஓசை தணிந்து, கரண்டி தன் தடத்தை அப்படியே பதித்துவிட்டுப் போகும். நன்றாக உறைந்த பிறகு, கட்டிகளை ஒரே ஒரு முறை மிக்ஸியில் சுழற்றுங்கள். காற்றும் உடைந்த துகள்களும் ஒளியைச் சிதறடிக்க, அடர்ந்த மஞ்சள் கண்ணெதிரே வெளுத்து, காலை வெயிலின் இளமஞ்சளாக மாறும். அந்த நிற மாற்றத்துக்காகவே நான் மிக்ஸியின் மூடியை இரண்டு முறை திறந்து பார்ப்பேன்.

மறுபடி மூடி போட்ட டப்பாவில் சில மணி நேரம். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்துவைத்தால் ஸ்பூன் தடையில்லாமல் இறங்கும். கிண்ணங்களையும் முன்கூட்டியே குளிரவைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கதவு திறந்து மூடுந்தோறும் சிறிய துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்து, பாடுபட்டு வாங்கிய வழவழப்பு கரகரப்பாகிவிடும்.

தேங்காய்ப்பால் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இமாம்பசந்துக்கு நான் சேர்ப்பதில்லை. அந்த மணத்துக்கு அருகே இன்னொரு மணம் அதிகப்படி. பலாச்சுளைக்கு மட்டும் கெட்டியான முதல் பாலைத் தாராளமாக ஊற்றுவேன். பலாவின் முரட்டு வாசனையை அது அணைத்து இதமாக்கும்.

மாம்பழக் காலம் முடிந்த பிறகு இருக்கவே இருக்கிறது மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன, ஈரம் குறைந்த, மணம் செறிந்த விருப்பாட்சி கிடைத்தால் நல்லது. தோலில் கரும்புள்ளி விழுந்த பழங்களாக எடுங்கள். மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாக மாறியிருக்கும். வில்லை வில்லையாக நறுக்கி, இரவு முழுக்க உறையவிட்டு, வெறுமனே மிக்ஸியில் போடுங்கள். முதலில் பொலபொலவென்று உதிரும், இது தேறாது என்று தோன்றும். நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் உதிரி ஒட்டிக்கொள்ளும். இன்னும் சற்று ஓட, சட்டென்று மொத்தமும் குழைந்து பளபளக்கும் கிரீமாகச் சுருண்டு எழும். அதற்குச் சர்க்கரையும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். பஞ்சாமிர்தத்தின் நினைவுக்காக ஒரே ஒரு ஏலக்காயை நசுக்கிப் போடுவேன்.