இடிப்பதற்கும் கணக்கு உண்டு
பிரேக்கர் பூட்டிய பொக்லைன் பாலத்தின் தளத்தைக் கொத்துவதைப் பார்ப்பவர், இது வெறும் முரட்டுப் பலம் என்று நினைப்பார். அப்படியில்லை. பாலத்தில் ஒவ்வொரு உறுப்பும் இன்னொன்றைத் தாங்கி நிற்கிறது. எதை முதலில் எடுப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது. தளத்தைக் கொத்தி எடையைக் குறைத்த பிறகே இரும்பில் கை வைப்பார்கள். கிரேன் உத்தரத்தை இழுத்துப் பிடித்திருக்க, கேஸ் கட்டரின் நீலச்சுடர் அறுக்கும். கடைசி விரற்கடை அறுபடும்போது பாரம் முழுவதும் கம்பிக்கயிற்றுக்கு மாறும். அந்த நொடியில் துண்டு ஊஞ்சலாடாமல் நின்றால், கயிறு கட்டியவர் கணக்கு அறிந்தவர்.

திருச்சிக் கொள்ளிடத்தின் 1928-ஆம் ஆண்டு இரும்புப் பாலத்துக்கும் இந்தக் கதி வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. 2022-இல் அகற்றும் வேலை தொடங்கியது. பழமைச் சின்னமாக விட்டுவைத்திருக்கலாமே என்பது நியாயமான ஆதங்கம்தான். ஆனால் சாய்ந்த தூண் ஆற்றுக்குள் சும்மா கிடக்காது. நீரைத் திருப்பி, பக்கத்துப் பாலத்தின் அடிமண்ணை அரிக்கும். வெடிவைத்தால் ஒரே நாளில் முடியுமே என்பார் உண்டு. முடியும், ஆனால் அதிர்வு அருகிலிருக்கும் புதுப் பாலத்தையும் தொடும், இடிபாடு முழுவதும் ஆற்றில் விழும். அதையும் அதே பொக்லைன்தான் இறங்கி அள்ள வேண்டும்.