போட் மெயில்

செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் வசிக்கும் எனக்கு, தொழிற்சாலைப் பேருந்துகளுக்கிடையே ஊர்ந்து, குன்றத்தூர் வழியாகத் தாம்பரத்தை அடைந்து, ராமேஸ்வரம் வண்டியின் மேல் படுக்கையில் ஏறிக் காலை நீட்டிய பிறகுதான் யாத்திரை ஆரம்பித்ததாக மனம் ஒப்பும். பெரியவர்கள் அதை இன்னும் போட் மெயில் என்றே சொல்லுகிறார்கள்.

ஆதியில் தூத்துக்குடியிலிருந்து இலங்கை செல்லும் கப்பலுக்காக ஓடிய அந்த வண்டி, 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடித் துறைக்கே செல்லலாயிற்று. எழும்பூரில் ஏறி இரவெல்லாம் உறங்கிய பிரயாணி, மறுநாள் பெட்டியை விட்டிறங்கிச் சிறிது தூரமே நடந்து நீராவிக் கப்பலேறி, ஏறக்குறைய 20 மைல் கடலைக் கடந்தால், தலைமன்னாரில் கொழும்பு வண்டி அவனுக்காகக் காத்திருக்கும். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டு கொழும்புவரை செல்லும். ரயிலும் கப்பலும் கைகோத்து நின்ற இந்த ஏற்பாட்டை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் பூரிக்கிறது. 1964 டிசம்பர்ப் புயல் அந்தத் துறையைக் கொண்டுபோயிற்று.

ஆயினும் விடியற்காலையில், 2025-இல் திறந்த புதிய பாலத்தின்மீது வண்டி வேகம் தணிந்து ஊரும்போது, படுக்கையைத் தாங்கும் சங்கிலி மெல்லக் கிணுகிணுக்க, ஜன்னல் கம்பியில் உப்பு ஈரம் பிசுபிசுக்க, கீழ்ப்படுக்கை அம்மாள் உறங்கும் பேரனைத் தட்டியெழுப்பி, "கண்ணா, கடல் பாரு" என்கிறாள்.