கையை விட்டுக் காலைப் பாருங்கள்

2024 ஆகஸ்ட் 10, பாரிஸ் ஒலிம்பிக். லெ பூர்ஜே அரங்கில் பெண்கள் ஸ்போர்ட் கிளைம்பிங் (சுவரேற்ற விளையாட்டு) இறுதிச்சுற்று. முதல் போல்டர் தடத்தின் தொடக்கப் பிடியைத் தாவித்தான் பிடிக்க வேண்டும். ஜப்பானின் ஆய் மோரி 154 செ.மீ. உயரம். திரும்பத் திரும்பத் தாவினார், கை நிற்கவில்லை. நேரம் முடிந்தது, அந்தத் தடத்தில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். அதே மோரி அன்றைக்கே நடந்த, கயிறு கட்டி ஏறும் லீட் பகுதியில் 96.1 புள்ளி எடுத்து எட்டுப் பேரில் முதலாவதாக வந்தார். மொத்தத்தில் நான்காம் இடம். வெண்கலம் வென்ற ஆஸ்திரியாவின் ஜெசிகா பில்ஸுக்கும் அவருக்கும் இடைவெளி 12.3 புள்ளிதான். ஒரு போல்டர் தடத்தை உச்சிவரை ஏறி முடித்தால் 25 புள்ளி.

குட்டையானவருக்கு அநீதி என்று அன்று உலகமே பேசியது. தாவும் வலுவும் இந்த விளையாட்டின் ஒரு பகுதிதானே என்று எதிர்வாதமும் வந்தது. ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் அந்தச் சோதனை இருக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை ஏற வரும் சுவரில் அதற்கு இடமே இல்லை. பள்ளி விடுமுறையில் அக்காவின் பிள்ளைகள் இருவரையும் பெங்களூரில் ஒரு போல்டரிங் ஜிம்முக்கு அழைத்துப் போனபோது இது இன்னும் உறுதியாயிற்று.

போல்டரிங் என்பது கயிறு இல்லாமல் ஏறுவது. சுவர் நாலு, நாலரை மீட்டர்தான். கீழே தரை முழுக்கக் கனத்த மெத்தை. ஒரே நிறப் பிடிகளைப் பின்தொடர்ந்து உச்சிப் பிடியில் இரண்டு கையையும் வைத்தால் அந்தத் தடம் முடிந்தது. ஒவ்வொரு தடத்துக்கும் கடினத் தரம் உண்டு. பெரும்பாலும் அந்தத் தரத்தைப் பெரியவர்களின் கைநீளத்தை வைத்தே போட்டிருக்கிறார்கள். பெரியவருக்கு முதல் படியாக இருக்கும் தடம், நாலடிப் பிள்ளைக்கு மூன்று படி கடினமாகிவிடுகிறது. இது தெரியாத பெற்றோர் “அந்தப் பையன் பச்சை ஏறிட்டான், நீ இன்னும் மஞ்சள்லயே நிக்கிற” என்கிறார்கள். அது தவறான அளவுகோல்.

இருவரில் மூத்த பையனுக்குப் பதினொரு வயது. கிரிக்கெட் ஆடி உரமேறிய தோள். மஞ்சள் தடத்தில் இரண்டு கையாலும் தொங்கி உடம்பை இழுத்தான். கால்கள் காற்றில் ஆடின. மூன்றாவது பிடியில் முன்கை இறுகிப்போய் விழுந்தான். “எட்டல மாமா.” தங்கைக்கு எட்டு வயது, அவனைவிட ஒரு சாண் குட்டை. அதே இடத்தில் அவள் நின்று கீழே பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவே இருந்த பிடியில் ஷூ நுனியை ஊன்றினாள். வலது காலை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே இடது காலை வைத்தாள். பிறகு இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பினாள். நாலு விரல்கடை தள்ளியிருந்த பிடி கைக்குள் வந்துவிட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்து நேராக நிற்கும்போது இடுப்பு வெளியே தள்ளி நிற்கும், உடல் பாரம் முழுக்க விரல்களில் தொங்கும். இடுப்பைத் திருப்பினால் பாரம் காலுக்கு இறங்குகிறது, தோள் பிடிக்கு அருகில் போகிறது, கை நீள்கிறது. பனை ஏறுகிறவரைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும்: உடலைத் தூக்குவது கால், கை அணைத்துப் பிடிப்பதோடு சரி. பிள்ளை “எட்டல” என்றால் முதலில் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் விடை அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, வாடகை ஷூ கச்சிதமாக இருக்க வேண்டும். வளருகிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் நுனிக்கால் நிற்காது.

பிள்ளைகளுக்குக் கைநீளம் குறைவு, ஆனால் எடையும் குறைவு. பெரியவரின் விரல் நுனி மட்டும் பதியும் விளிம்பில் அவர்களின் விரல் நன்றாகவே உட்காரும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ராட் ராக் பாறையில் ஆறு வயதில் ஏறத் தொடங்கிய அஷிமா ஷிராய்ஷி, 2016இல் பதினான்கு வயதில் ஜப்பானின் ஹியெய் மலையில் வி15 என்ற மிகக் கடினமான தரத் தடத்தை ஏறினார். பாரிஸில் ஆண்கள் பிரிவில் வெள்ளி வென்ற சொராத்தோ அன்ராக்குவுக்கு அப்போது வயது பதினேழு. இளமை இந்த விளையாட்டில் குறையே அல்ல.

பெற்றோர் அஞ்ச வேண்டியது உயரத்தை அல்ல. விழத் தெரியாமல் விழுவதுதான் ஆபத்து. முதல் கால்மணி நேரத்தை விழுவதற்கே ஒதுக்குங்கள்: இரண்டு காலும் ஒன்றாக ஊன்றி, முழங்கால் மடக்கி, உட்கார்ந்து, முதுகில் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. மணிக்கட்டும் முழங்கையும் முறிவது அப்படித்தான். உச்சியிலிருந்து குதிக்க விடாதீர்கள், பிடிபிடியாக இறங்கச் சொல்லுங்கள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கீழே மெத்தையில் ஓடுவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். அண்ணன் தங்கை சேர்ந்து வந்தால் இதற்கே ஒரு பெரியவர் கண் வைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை விரல்களைப் பற்றியது. வளரும் வயதில் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு மென்மையாகவே இருக்கும். சிறு விளிம்புகளில் ஓயாமல் தொங்கும் பதின்வயதினருக்கு, குறிப்பாக நடுவிரலின் நடு மூட்டில், அங்கே முறிவு வருவதை விளையாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மரச்சட்டங்களில் காலே படாமல் கையால் மட்டும் தாவி ஏறும் கேம்பஸ் போர்டு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏவின் மருத்துவக் குழுவும் எச்சரித்திருக்கிறது. மூட்டின் மேற்புறம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்து மறுநாள் அனுப்பாதீர்கள். ஏறுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ‘திறமை இருக்கிறது, விட்டுவிடக் கூடாது’ என்று வலியோடு பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் அந்தத் திறமைக்கே கேடு செய்கிறார்கள்.

கிளைம்பிங் ஒலிம்பிக்குக்கு வந்தது டோக்கியோவில். அங்கும் பாரிஸிலும் இந்தியாவிலிருந்து ஒருவரும் தகுதி பெறவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலீஸில் போல்டரிங்குக்கும் லீடுக்கும் தனித்தனிப் பதக்கம். இதைக் காட்டி இன்றைய எட்டு வயதுப் பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை. அவர்கள் திரும்பத் திரும்ப ஏற வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஜிம் நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மூலையில் கார்ட்டூன் பொம்மைப் பிடிகளை மாட்டிவிட்டு ‘குழந்தைகள் சுவர்’ என்று பலகை வைப்பது போதாது. நாலடி உயரத்தை மனதில் வைத்து, எளிதிலிருந்து கடினம் வரை நிஜமான தடங்கள் அமைத்துக் கொடுங்கள். தடம் அமைப்பவர் திறக்குமுன் ஒரு பிள்ளையை ஏறச் சொல்லிப் பார்க்கட்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டியது, கட்டணம் செலுத்தும் பெற்றோர்தான்.