யார் ஏறிய மலை?

மலையேற்ற நூல்களை வீரகாவியங்களாக வாசிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உச்சியிலே ஒரு மனிதன், அவன் கையிலே ஒரு கொடி: இச்சித்திரத்தில் மயங்கும் வாசகன், அவனுக்கு உணவு சுமந்து சென்றவர் யாரெனக் கேட்பதில்லை. மலையகத்திலே வாழும் நாம் அக்கேள்வியைக் கேட்டேயாக வேண்டும்.

ஜேர்மனியப் புவியியலாளர் ஹான்ஸ் மேயரின் கிளிமஞ்சாரோப் பயண நூலை எடுத்துக்கொள்வோம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1891இல் வெளிவந்தது. கிளிமஞ்சாரோ ஓர் எரிமலை. பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்தும் பனியாறுகளைத் தாங்கி நிற்பது. 5,895 மீற்றர் உயரமானது. 1887இல் மேயரைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பனியே. 1889 ஒக்டோபர் 6ஆம் நாள், ஒஸ்திரிய மலையேறி லுட்விக் பூர்ட்ஷெல்லருடன் அவர் உச்சியை அடைந்தார். பனிக்கட்டியிலே கோடரியால் படி வெட்டி ஏறியதையும், எரிமலை வாயைக் கண்டதையும் கூறும் பகுதிகளில் ஓர் அறிவியலாளனின் கூர்மை தெரிகிறது. அதனை மறுப்பது விமர்சனமாகாது.

எனினும் வெற்றிக்குக் காரணம் கோடரி மாத்திரமன்று. மலையின் பல மட்டங்களிலே முகாம்களை அமைத்து, சில நாட்களுக்கொருமுறை சுமைதூக்குவோர் கீழிருந்து உணவு கொண்டுவர ஏற்பாடு செய்தமையாலேயே அவரால் மீண்டும் மீண்டும் முயல முடிந்தது. முயினி அமானி என்னும் ஆபிரிக்கர் மேல்முகாமிலே குளிரைத் தாங்கிக் காத்திருந்தார். மேயர் அவருடைய பெயரை மறைக்கவில்லை. ஆனால், அனுபவம் முழுவதும் ‘நான்’ என்பவனுக்கே உரியதாகிறது. சுமந்தவர் கண்ட மலை எது என்பது பதிவாகவில்லை. இறுதியில் உச்சிக்குக் கெய்சர் வில்ஹெல்மின் பெயர் சூட்டப்படுகிறது. அங்கிருந்து எடுத்த கல்லொன்று பேரரசருக்குக் காணிக்கையாகிறது. பயண நூல் இங்கே ஆதிக்கத்தின் உரிமைப் பத்திரமாக மாறுகிறது.

வரலாறு இதற்கு விடையளித்தது. 1961 டிசம்பர் 9ஆம் நாள் தங்கனிக்கா விடுதலை பெற்றபோது, அலெக்சாண்டர் நியிரெண்டா என்னும் ஆபிரிக்கப் படையதிகாரி அவ்வுச்சியிலே தேசியக் கொடியையும் தீபத்தையும் ஏற்றினார். கெய்சரின் பெயர் நீங்கி, ‘விடுதலை’ எனப் பொருள்படும் ‘உகுரு’ அவ்வுச்சியின் பெயராயிற்று.

நமது சிவனொளிபாதமலை எரிமலையன்று, அங்கே பனியாறுமில்லை. 2,243 மீற்றர் உயரமுள்ள அதன் படிகளிலே பல மதத்தவரும் ஏறுகின்றனர். அதன் அடிவாரத்து மஸ்கெலியாத் தோட்டங்களிலோ ‘மலை’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளுமுண்டு. ‘மலைக்குப் போகிறேன்’ என்று ஒரு தாய் கூறினால், கொழுந்து பறிக்கப் போகிறாள் என்பதே பொருள். அட்டை கடிக்க, மழையிலே படங்கு நனைய, முதுகிலே கூடையுடன் அவள் நாள்தோறும் ஏறி இறங்குகிறாள். இதற்கு எவரும் மலையேற்றம் எனப் பெயரிடவில்லை.

என் வகுப்பிலே ‘நான் அறிந்த மலை’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பலரும் தாம் கண்டிராத வெண்பனிச் சிகரங்களையே பாடநூல் நடையில் வருணித்தனர். ஒரு மாணவி மட்டும், நிறுவைக்குப் பிந்திவிடுவோமோ என்று அஞ்சி, நிறைந்த கூடையுடன் வழுக்குப் பாறையிலே விரைந்து இறங்கும் தன் தாயைப் பற்றி எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் பல. ஆயினும் சுமப்பவரின் கண்ணால் மலையைக் கண்ட எழுத்து அது ஒன்றே.

மேயரைப் படிப்போம், நுணுகி நோக்கும் திறனை அவரிடம் கற்போம். ஆனால் அந்த மாணவியின் பிழைகளைத் திருத்தும்போது, அவள் கண்ட மலையையும் சேர்த்து அழித்துவிடாதிருப்பது ஆசிரியர்களாகிய நமது பொறுப்பு.