இரு ரமணிகளும் ஒரு சொல்லும்

சின்னத்திரையில் வந்து மறைந்த நகைச்சுவைத் தொடர்கள் பல; ஆண்டுகள் கடந்தும் நினைக்கப்படுபவை சில. 1998ஆம் ஆண்டு ராஜ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ அச்சிலவற்றுள் ஒன்று. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இயக்கம் நாகா. ‘மர்மதேசம்’ தொடரில் அச்சத்தைக் கையாண்ட அதே கை, இங்கே வீட்டுச் சிரிப்பைக் கையாண்டது. முதற்பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும், இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் தம்பதியராக நடித்தனர். 2022இல் ஆஹா இணையத் தளத்தில் மூன்றாம் பாகமும் வெளிவந்தது.

கணவர் பெயர் ரமணி. மனைவி பெயரும் ரமணி. பெயர் ஒன்று, இயல்போ எதிரெதிர். இடையில் நிற்கும் ‘வெர்சஸ்’ வாதியையும் பிரதிவாதியையும் பிரிக்கும் நீதிமன்றச் சொல். அரபு மொழி பயிற்றுவிக்கும் நமக்கு இத்தலைப்பு வேறொரு சொல்லை நினைவூட்டுகிறது. திருமறை ‘ஸவ்ஜ்’ என்னும் ஒரே சொல்லால் கணவனையும் சுட்டுகிறது, மனைவியையும் சுட்டுகிறது. இணையில் ஒன்று என்பதே அதன் பொருள். மற்றொன்று இல்லையேல் அச்சொல்லுக்குப் பொருளில்லை.

அண்மையில் கெங்கவல்லியில் ஒரு குடும்ப வழக்கைக் கேட்க நம்மையும் அழைத்திருந்தனர். மணமாகி ஓராண்டும் நிறையவில்லை. அடியில்லை, வசையில்லை, வரதட்சணைத் தகராறும் இல்லை. “குணம் ஒத்துவரவில்லை, ஹஜ்ரத்” என்றார் இளைஞர். இவர் பேசுவதே இல்லை என்பது பெண்ணின் குறை. அவள் பேசி ஓய்வதே இல்லை என்பது இவருடைய குறை. அவ்விருவரையும் பார்த்தபோதுதான் இத்தொடரின் அருமை நமக்கு விளங்கியது. அதில் ஒருவர் மற்றவராக மாறிவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் அதே இருவர் அதே இயல்போடு வருகின்றனர், ஆயினும் இல்லறம் நடக்கிறது. குணம் ஒத்திருப்பதன்று, ஒத்துப்போவதே இல்லறம் என்பதை எந்த உபதேசமும் இன்றி அது உணர்த்திற்று.

குறையும் உண்டு. அரைமணி நேரத்தில் பிணக்கைத் தீர்த்தாக வேண்டிய இவ்வடிவம், விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒருவரேயா என்று கணக்குப் பார்ப்பதில்லை. அண்ணலார் (ஸல்) அன்னை ஆயிஷாவுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை அன்னை முந்தினார்கள். பின்னொரு முறை அண்ணலார் முந்தினார்கள், அதற்கு இது ஈடு என்றார்கள். இருவரும் வெல்ல முடிகிற வீட்டில்தான் சிரிப்பு பரிகாசமாகத் திரிவதில்லை. ஒருவர் அஞ்சி வாழும் வீட்டிலோ அதற்குக் குணவேறுபாடு என்று பெயரிடுதல் தகாது, அது கொடுமை.

கெங்கவல்லித் தம்பதியரிடம் அந்த அச்சத்தை நாம் காணவில்லை. ஆகவே தீர்ப்புக் கூறாது மூன்று மாதத் தவணை கேட்டோம். இருவரும் இசைந்தனர். வெளியேறுகையில் அப்பெண் ஏதோ சொல்ல, பேசாத அந்த இளைஞர் சிரித்துவிட்டார். வழக்கின் நடுவே நின்ற ‘வெர்சஸ்’ அக்கணம் சற்றே தளர்ந்ததாக நமக்குத் தோன்றியது.