பால் குடித்த பிள்ளைகளின் கணக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிறது ஹேன்ஃபர்டு. நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளூட்டோனியம் இங்கேதான் உருவானது. அணு உலையிலிருந்து எடுத்த எரிபொருளை அமிலத்தில் கரைத்தபோது, கதிரியக்க அயோடின்-131 புகைபோக்கி வழியே வெளியேறியது. காற்று அதைப் புல்லில் படியவிட்டது. மாடு மேய்ந்தது. பிள்ளைகள் பால் குடித்தார்கள். இப்படி வெளியானது ஏறக்குறைய 7,40,000 கியூரி. பெரும்பகுதி 1944க்கும் 1947க்கும் இடையில். 1949 டிசம்பரில், போதிய நாள் ஆறவிடாத எரிபொருளை வேண்டுமென்றே கரைத்தும் காற்றில் விட்டார்கள். 1986இல் சுமார் 19,000 பக்க ஆவணங்கள் வெளியிடப்பட்ட பிறகுதான் அக்கம்பக்கத்து மக்களுக்கு இதன் முழு அளவு தெரியவந்தது.

உடலில் புகும் அயோடின் போய்ச் சேருமிடம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி. அதன் பிறகு நடந்த தைராய்டு ஆய்வைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. 1940 முதல் 1946 வரை அந்த வட்டாரத்தில் பிறந்தவர்களைப் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, நாடெங்கும் சிதறிப்போனவர்களைத் தேடிப்பிடித்து, 3,440 பேரை நேரில் சோதித்தார்கள். மருத்துவர்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். யாருக்கு எவ்வளவு கதிர் பட்டது என்பது சோதித்த மருத்துவருக்குத் தெரியாது. மாவட்டச் சாவுக் கணக்கை வைத்துப் பொத்தாம்பொதுவாக முடிவு சொல்லும் ஆய்வுகளுக்கு நடுவே இது அரிய உழைப்பு. 2002இல் வந்த இறுதி அறிக்கை, கதிர் அளவு கூடக்கூடத் தைராய்டு நோயும் கூடியதாகக் காணவில்லை என்றது.

சிக்கல் அந்தக் ‘கதிர் அளவில்’ இருக்கிறது. நோயை அளந்தார்கள், கதிரை அளக்கவில்லை, மதிப்பிட்டார்கள். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். சில மாதங்களில் தடமே இராது. ஆகவே பழைய உற்பத்திப் பதிவு, காற்றின் திசை, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் கணினியில் கோத்தார்கள். கடைசிக் கண்ணி தாயின் நினைவு. மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் குடித்தது, அது வீட்டு மாட்டின் பாலா, கடைப் பாலா? ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் எந்தத் தாயால் சரியாகச் சொல்ல முடியும்? பல தாய்மார்கள் அப்போது உயிரோடும் இல்லை. அதிகம் பட்டவர் என்று எழுதப்பட்டவர்களுக்குள் குறைவாகப் பட்டவர்கள் கலந்துவிட்டால், உண்மையான வேறுபாடுகூட மங்கிப்போகும். ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். இந்த ஐயத்தைக் கணக்கில் சேர்க்கவே முயன்றார்கள். ஆனாலும் 1999இல் வந்த வரைவை அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுமம் பரிசீலித்து, முடிவின் உறுதி மிகைப்படுத்திச் சொல்லப்பட்டிருக்கிறது என்றது. அதற்குள் அந்த முடிவு ஊரெங்கும் பரவியிருந்தது.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. கதிரே படாத ஊர் ஒன்றை எதிரே நிறுத்தி ஒப்பிடவில்லை. அதிகம் பட்டவரையும் குறைவாகப் பட்டவரையும் தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டார்கள். இதற்கு நியாயம் உண்டு: வெளியூர்க்காரரின் உணவும் மருத்துவ வசதியும் வேறாக இருந்தால் ஒப்பீடு கெடும். ஆனால் ‘எங்கள் ஊரில் நோய் மற்ற ஊர்களைவிட அதிகமா?’ என்பதுதான் அந்த மக்கள் கேட்ட கேள்வி. அதற்கு இந்த முறை விடை தராது.

அயோடின்-131 பிள்ளைகளின் தைராய்டில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் செர்னோபில் ஐயமறக் காட்டிவிட்டது. ரஷ்யாவில் மாயாக் ஆயுத ஆலை கழிவைக் கொட்டிய தேச்சா ஆற்றங்கரையில், கதிர் அளவோடு ரத்தப் புற்றுநோயும் கூடியதை நெடுங்கால ஆய்வு கண்டது. ஆகவே ஹேன்ஃபர்டில் ‘காணவில்லை’ என்பதை ‘நேரவில்லை’ என்று படிப்பது தவறு. எவ்வளவு பெரிய பாதிப்பு வரை இந்த ஆய்வின் கண்ணுக்குத் தப்பியிருக்கக்கூடும் என்ற எண், முடிவின் முதல் வரியிலேயே இருந்திருக்க வேண்டும். அதோடு இன்னொரு வரியும்: கதிரை உள்ளபடி அளந்திருக்கக்கூடிய ஆண்டுகளில், அந்தத் தாய்மார்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.